இடது முன் சக்கரத்தின் சத்தம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

"கார் எடுத்துட்டேம்பா. எந்தச் சத்தத்துக்குப் பயப்படணும், எதுக்குப் பயப்பட வேணாம்னு மட்டும் சொல்லு" என்று ஓசூரிலிருந்து நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். என்னிடம் இருப்பது போன்ற எலெக்ட்ரிக் கார், அதுவும் ஒருவர் மூன்று வருஷம் ஓட்டிய பழைய கார் என்பதால் உனக்கு இந்தக் கேள்வி வந்திருக்கிறது. நியாயமான கேள்விதான். ஒரே வரியில் கேட்டுவிட்டாய், எனக்கு அப்படிப் பதில் சொல்லத் தெரியவில்லை. அதோடு, இதற்குப் பதில் எழுத உட்கார்ந்தால் உன்னிடம் சொன்ன ஒரு பொய்யையும் எழுதித்தான் ஆக வேண்டும். இரண்டு வாரமாகத் தள்ளிப்போட்டேன். இன்றைக்கு உங்கம்மா பேனாவையும் உன் பழைய நோட்டையும் எடுத்து என் முன்னால் வைத்துவிட்டு, "எழுதிட்டுதான் எழுந்திருக்கணும்" என்று சொல்லிவிட்டாள்.

இருபத்தாறு வருஷம் கள்ளக்குறிச்சிக்கும் கல்வராயன் மலைக்கும் நடுவில் டீசல் வேன் ஓட்டியவன் நான் என்பது உனக்குத் தெரியும். அந்த வேனில் எஞ்சின் டிரைவர் சீட்டுக்கு இடது பக்கத்திலேயே ஒரு பெட்டிக்குள் இருக்கும். சின்ன வயதில் நீ அந்தப் பெட்டியின்மேல் உட்கார்ந்து வந்து, சூடு தாங்காமல் அழுதிருக்கிறாய். அந்தச் சத்தத்தை வைத்தே வண்டிக்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவேன். ஒருமுறை கோமுகி அணைக்குப் பக்கத்தில் வேனை ஓரம்கட்டினேன். எல்லாரும் திட்டினார்கள். வண்டி நன்றாகத்தானே போகிறது என்றார்கள். தண்ணீர் பம்பின் பேரிங் போகப் போகிறது என்றேன். கச்சிராயபாளையம் வரை மெதுவாக உருட்டிக்கொண்டு வந்து பார்த்தபோது, பம்பின் தண்டு கையோடு ஆடியது. அதற்குப் பிறகு ஸ்டாண்டில் இருந்த மற்ற டிரைவர்கள் தங்கள் வண்டியில் புதுச் சத்தம் வந்தால் மெக்கானிக்கிடம் போவதற்கு முன்னால் என்னிடம் வருவார்கள். "அண்ணே, ஒரு ரவுண்டு வாங்களேன். இன்னா சத்தம்னு கேட்டுச் சொல்லுங்க" என்பார்கள். ஊரில் எனக்கு இருந்த மரியாதையில் பாதி என் காதுக்கு உரியது. இதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு நடந்தது உனக்குப் புரிய அது வேண்டும்.

வேனை விற்று எலெக்ட்ரிக் கார் எடுத்த முதல் மாதம், நான் பட்ட பாடு உனக்குத் தெரியாது. மலைப் பள்ளிக்கூடங்களில் வேலை பார்க்கும் நான்கு டீச்சர்களைக் காலையில் வெள்ளிமலைக்கு ஏற்றிப்போய், சாயங்காலம் கூட்டி வருவதுதான் வேலை. எஞ்சின் இல்லாத வண்டியில் மற்ற எல்லாச் சத்தமும் கேட்கும். டீசல் வண்டியில் அத்தனையையும் எஞ்சின் மூடி வைத்திருக்கும். காரை நிறுத்திச் சாவியை எடுத்த பிறகும் முன்னால் ஏதோ ஓடும் சத்தம் கேட்டது. சார்ஜ் ஒயரைச் செருகினால் உள்ளே 'டக்' என்று அடித்தது. மேட்டில் ஏறும்போது மோட்டார் ஊளையிட்டது. மூன்றுக்கும் சர்வீஸ் சென்டருக்கு ஓடினேன். அங்கே இருந்தவர் சிரித்துக்கொண்டே, "அது பேட்டரிய குளிர வைக்கிற பம்புங்க. அந்த டக்கு உள்ள சுவிட்சு சேர்றது. எலெக்ட்ரிக் வண்டினா அப்படித்தாங்க" என்றார். மூன்றாவது முறை நான் உள்ளே நுழையும்போதே இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இனிமேல் சத்தம் என்று சொல்லிக்கொண்டு இங்கே வரக் கூடாது என்று அன்றைக்கு முடிவெடுத்தேன். அந்த முடிவுதான் என் முதல் தவறு. ஆகவே உன் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு இது பதில்: அந்த மூன்று சத்தத்துக்கும் பயப்படாதே. ஆனால் பயப்பட வேண்டாம் என்று யாராவது சிரித்தால், அதற்காக அடுத்த சத்தத்தைக் கேட்காமல் விட்டுவிடாதே.

கடுக்காய் விஷயத்தை உங்கம்மா உன்னிடம் சொன்னாளோ என்னவோ. நான்கு நாள் பின்பக்கம் 'கடகட' என்று ஒரு சத்தம். வளைவில் திரும்பினால் வரும், நேராகப் போனால் நின்றுவிடும். பின் சக்கரம் தாங்குகிற பாகம் ஏதோ கழன்றுவிட்டது என்று நினைத்து, காருக்கு அடியில் படுத்து ஒவ்வொரு போல்ட்டாக முடுக்கினேன். ஐந்தாம் நாள் உங்கம்மா டிக்கியின் விரிப்பைத் தூக்கி, உபரி டயர் இருக்கிற பள்ளத்திலிருந்து ஒரு கை நிறையக் கடுக்காய் அள்ளிக் காட்டினாள். மலையிலிருந்து யாரோ கொடுத்தனுப்பிய மூட்டை கிழிந்து கொட்டியிருக்கிறது. "இதுக்குத்தான் நாலு நாளா ரோட்டுல படுத்துக்கினு இருந்தீங்களா?" என்று கேட்டாள். சத்தம் வந்தால் முதலில் காரைக் காலி செய். தண்ணீர் பாட்டில், குடை, கதவுப் பெட்டியில் போட்ட சாவி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டு அதே ரோட்டில் அதே வேகத்தில் ஒருமுறை ஓட்டிப் பார்.

அப்போதும் சத்தம் வந்தால், அது எப்போது வருகிறது என்று மட்டும் பார். எங்கிருந்து வருகிறது என்று தேடாதே. காருக்குள் சத்தம் இடம் மாறித்தான் கேட்கும். வேகம் ஏற ஏற ஏறுகிற உறுமல் என்றால் டயரோ சக்கரத்துப் பேரிங்கோ. ஸ்டீயரிங்கை ஒரு பக்கம் திருப்பும்போது உறுமல் கூடி மறுபக்கம் திருப்பும்போது குறைந்தால் அது பேரிங்தான். பள்ளத்தில் இறங்கும்போது மட்டும் 'டொக்' என்றால் கீழே இருக்கிற ரப்பரோ கம்பியோ தேய்ந்திருக்கும். ஓட்டலாம், ஆனால் மாதக்கணக்கில் விடக் கூடாது. மழையில் நனைந்து நின்ற காரை எடுத்தால் முதல் சில பிரேக்குக்குச் சரசரவென்று துரு தேய்கிற சத்தம் வரும், போய்விடும். போகவில்லை என்றால்தான் கவலை. கடைசியாக ஒன்று இருக்கிறது. ஓடும்போது மெல்லிய விசில் மாதிரி வந்து, பிரேக்கை மிதித்தால் நின்றுவிடுகிற சத்தம். பிரேக் கட்டை தேய்ந்து கடைசிக்கு வந்துவிட்டால், அதில் இருக்கிற ஒரு சின்னத் தகடு, சக்கரத்தோடு சுற்றுகிற இரும்புத் தட்டில் உரசி எழுப்புகிற சத்தம் அது. எச்சரிக்கைக்கு என்றே வைத்திருக்கிறார்கள். அதைக் கேட்டால் அன்றைக்கே போ.

இதை உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதே இல்லை. போன முறை நீ ஊருக்கு வந்தபோது, கச்சிராயபாளையம் ரோட்டில் போகும்போது நீயே சொன்னாய். "அப்பா, முன்னாடி எடது பக்கம் விசில் மாதிரி ஒண்ணு வருதே. பிரேக் போட்டா நிக்குது பாரு" என்றாய். பின் சீட்டில் உன் அத்தையும் மாமாவும் இருந்தார்கள். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்று சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். நான், "இருபத்தாறு வருசம் வண்டி ஓட்டனவன்கிட்ட சத்தம் காட்டுறியா? எலெக்ட்ரிக்கு வண்டி இப்படித்தான் இருக்கும்" என்று கத்தினேன். உன் அத்தை சிரித்தாள். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். ஓசூர் போன பிறகும் மறக்காமல் போனில் கேட்டாய், பார்த்தாச்சா என்று. "அன்வர் பாய்கிட்ட காட்டிட்டேன். ஒண்ணுமில்லையாம்" என்றேன். நான் அன்வர் பாயின் மெக்கானிக் ஷெட்டுக்குப் போகவே இல்லை. அதுதான் நான் சொன்ன பொய்.

காதைப் பற்றி எனக்கே சந்தேகம் வந்திருக்க வேண்டும், வராமல் பார்த்துக்கொண்டேன் என்றுதான் நினைக்கிறேன். ரிவர்ஸ் எடுக்கும்போது வர வேண்டிய 'பீப்' வரவில்லை என்று, போக மாட்டேன் என்று சொன்ன அதே சர்வீஸ் சென்டருக்கு நான்காவது முறையாகப் போய்ச் சண்டை போட்டேன். அந்தப் பையனுக்கு வேலை தெரியவில்லை என்று உங்கம்மாவிடம் திட்டினேன். சென்டரில் இருந்தவர் என் கண் முன்னால் ரிவர்ஸ் போட்டு, "வருதேங்க" என்றார். வருகிறது என்று தலையாட்டிவிட்டு வந்துவிட்டேன். அதே சமயத்தில் சார்ஜும் சீக்கிரம் குறைந்தது. முன்பெல்லாம் மலைக்குப் போய் வந்தால் பாதிக்கு மேல் மீதம் இருக்கும், இப்போது கால்வாசிகூட நிற்கவில்லை. பேட்டரி வயசாகிறது என்று நானே சொல்லிக்கொண்டேன். ஒரு பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டே ஓடினால் சார்ஜ் அதிகம் குடிக்கும் என்பது எனக்குத் தெரியாத விஷயம் இல்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, சாயங்காலம் இறங்கச் சார்ஜ் போதாது என்று தோன்றி, வெள்ளிமலைப் பள்ளிக்கூடத்தில் கேட்டுக் காலையிலேயே பிளக்கில் போட்டேன். நான்கு மணிக்கு நூறு சதவீதம் ஏறியிருந்தது. சந்தோஷமாக இறங்க ஆரம்பித்தேன். இந்த வண்டியில் ஒன்று உண்டு, உனக்கும் இது உதவும். இறக்கத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் மோட்டாரே காரை இழுத்துப் பிடிக்கும், அந்த இழுப்பில் பேட்டரியும் ஏறும். அதனால் மலையில்கூடப் பிரேக்கை அவ்வளவாக மிதிக்க வேண்டியிருக்காது. ஆனால் பேட்டரி நிரம்பியிருந்தால் ஏற்றிக்கொள்ள இடம் இல்லை, மோட்டார் பிடிக்காது. அன்றைக்கு ஆக்சிலேட்டரை விட்டதும் கார் பிடி விட்ட மாதிரி ஓடியது. இந்தக் காரை எடுத்த மூன்று வருஷத்தில் அந்த இறக்கம் முழுக்கப் பிரேக்கை நம்பி இறங்கியது அன்றுதான்.

நான்காவது வளைவுக்குள் கால் வழியாகக் 'கரகர' என்று வந்தது. காதில் கேட்டேன் என்று சொல்ல மாட்டேன், பாதத்தில்தான் தெரிந்தது. அடுத்த வளைவில் மிதித்தபோது ஸ்டீயரிங் வலது பக்கம் இழுத்தது. வலது பக்கம் பள்ளத்தாக்கு. பக்கத்து சீட்டில் செல்வி டீச்சர் டாஷ்போர்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பின்னாலிருந்து கணக்கு டீச்சர், "பொக வருதுங்க, சக்கரத்துல பொக வருது" என்று கத்தினார். இடது பக்கம் மலையோரம் மண் மேடாக இருந்த ஓர் இடத்தைப் பார்த்து, ஸ்டீயரிங்கை வலுவாக ஒடித்து, டயரை மண்ணில் உரச விட்டேன். கை பிரேக்கையும் இழுத்தேன். கார் சாய்ந்து நின்றது. எல்லாரையும் இறங்கச் சொல்லி, கல் எடுத்துச் சக்கரத்துக்கு அண்டை கொடுத்தேன். இரண்டு நிமிஷத்தில் அடுத்த வளைவிலிருந்து பஸ் ஒன்று ஏறி வந்து எங்களைக் கடந்து போனது. வலது பக்கம் இழுத்த நேரத்தில் அது வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீயே யோசித்துக்கொள்.

கொஞ்ச நேரம் கழித்துச் செல்வி டீச்சர் தண்ணீர் குடித்துவிட்டு, "இன்னிக்குத்தாங்க அந்தச் சத்தம் நின்னுபோய் கரகரன்னு வந்துது" என்றார்.

"எந்தச் சத்தங்க?"

"அதாங்க, அந்த விசிலு. ரெண்டு மாசமா தெனமும் வந்துக்கினு இருந்துதே."

நான் மற்ற மூன்று பேரையும் பார்த்தேன். மூன்று பேருக்கும் தெரிந்திருந்தது.

"ஏங்க யாருமே சொல்லல?"

"நீங்க பெரிய டிரைவரு. உங்களுக்குக் கேக்காமலா இருக்கும்? இன்னாவோ பாத்துக்கினு இருக்காருன்னு நெனச்சோங்க" என்றார் செல்வி டீச்சர்.

பாப்பா, நான் உன்னிடம் கத்தியதைப் போல அவர்களிடம் யாரும் கத்தவில்லை. அதற்கு அவசியமும் இல்லை. என் பேர் போதுமானதாக இருந்திருக்கிறது, நான்கு பேர் இரண்டு மாதம் வாயை மூடிக்கொண்டு வர.

அவர்களைப் பின்னால் வந்த பஸ்ஸில் ஏற்றி அனுப்பினேன். மறுநாள் காரை லாரிமேல் ஏற்றிக் கள்ளக்குறிச்சிக்குக் கொண்டுவந்தோம். அன்வர் பாய் இடது முன் சக்கரத்தைக் கழற்றினார். பிரேக் கட்டையைப் பிடித்து விடுகிற பாகம் முன்னும் பின்னும் நகர, 'பின்' என்கிற ஒரு சின்னக் கம்பி இருக்கும். அது துருப்பிடித்து இறுகிப்போய், உள்பக்கக் கட்டை எந்நேரமும் தட்டில் ஒட்டிக்கொண்டே ஓடியிருக்கிறது. கட்டையே இல்லை, இரும்புதான் மிச்சம். "இது ஒரு நாளுல ஆனது இல்ல. ரெண்டு மாசமா கத்தியிருக்கும். உனக்குத் தெரியாமலா?" என்றார். அவருக்கு என்ன தோன்றியதோ, பழைய கட்டை ஒன்றைத் தேடி எடுத்து வலது பக்கச் சக்கரத்தில் மாட்டினார். அந்தத் தகடு தட்டில் படுகிற மாதிரி வைத்து, என்னை இரண்டு அடி தள்ளி, முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார். எதிரே ஸ்கூட்டருக்குக் காற்றுப் பிடிக்க வந்திருந்த ஓர் அம்மா காதைப் பொத்திக்கொண்டு திரும்பிப் பார்த்தார். நான் காத்துக்கொண்டு நின்றேன்.

"சுத்து பாய், கேக்கறேன்" என்று திரும்பினேன்.

அன்வர் பாய் என்னை நிமிர்ந்து பார்த்தார். "சுத்திக்கினுதான்யா இருக்கேன்" என்றார்.

சக்கரத்தைக் கையால் பிடித்து நிறுத்தினார். உள்ளே போய் எனக்கு ஒரு நாற்காலி எடுத்துப்போட்டார். அதில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று நினைவில்லை. அழவெல்லாம் இல்லை. ரிவர்ஸ் பீப், உங்கம்மா சமையல்கட்டிலிருந்து கூப்பிட்டும் நான் போகாமல் இருந்த நாட்கள், நீ பேசும்போது பாதியில் "சரி விடுப்பா" என்று நிறுத்திக்கொண்டது, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக வந்தது. நீ கோபக்காரி ஆகிவிட்டாய் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை நான்கு டீச்சர் வீட்டுக்கும் போய், எனக்குக் காது சரியாகக் கேட்பதில்லை, வைத்தியம் பார்க்கும்வரை ஓட்ட மாட்டேன் என்று சொன்னேன். செல்வி டீச்சர், "நாங்களும் வாயத் தொறந்து சொல்லியிருக்கணுங்க" என்றார். கணக்கு டீச்சர் வாசலிலேயே நின்றுகொண்டு, "தப்பா நெனச்சுக்காதீங்க. ரெண்டும் சின்னப் புள்ளைங்க எனக்கு. இனிமே பஸ்ஸுலயே போய்க்கிறேன்" என்றார். தப்பாக நினைக்கவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன அறைக்குள் உட்காரவைத்து, காதில் ஹெட்போன் மாட்டி, கையில் ஒரு பட்டனைக் கொடுத்தார்கள். சத்தம் கேட்டால் அழுத்த வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? கேட்காதபோதும் ஒரு கணக்குப் போட்டு அழுத்தினேன். பரிசோதனை செய்த பெண் உன் வயதுதான் இருப்பாள். கதவைத் திறந்து, "ஐயா, நான் சத்தமே குடுக்காதப்பவும் அழுத்துறீங்க. இது பரீட்சை இல்லைங்க" என்றாள். அதற்கப்புறம் ஒழுங்காகச் செய்தேன். கனமான சத்தம் எல்லாம் நன்றாகக் கேட்கிறது. மெல்லிய, கூர்மையான சத்தம் இரண்டு காதிலும் போய்விட்டது, இடது காதில் ஜாஸ்தி. அந்த எஞ்சின் பெட்டி இருந்த பக்கம். தண்ணீர் பம்பின் பேரிங் கேட்ட காது, பிரேக் கட்டையின் விசிலைக் கேட்காமல் போனதற்கு அதுதான் காரணம்.

இப்போது மூன்று வாரமாக இரண்டு காதிலும் மெஷின் போட்டிருக்கிறேன். பழக நாளாகிறது. தட்டில் கரண்டி பட்டால் தூக்கிவாரிப் போடுகிறது. காரில் இன்டிகேட்டர் போட்டால் 'டிக் டிக்' என்று அடிக்கும் என்பது இத்தனை நாள் எனக்குத் தெரியவே தெரியாது. போன திங்கட்கிழமையிலிருந்து மூன்று டீச்சர்களோடு மறுபடி மலைக்குப் போகிறேன். கிளம்பும் முன்னால் செல்வி டீச்சர், "இன்னிக்கு ஒண்ணும் கேக்கலைங்க" என்று சொல்கிறார். கேட்டாலும் சொல்வார். நூறு சதவீதம் சார்ஜ் போட்டுக்கொண்டு இறங்குவதில்லை. சனிக்கிழமைதோறும் காரை நிறுத்தியதும், நான்கு சக்கரத்துக்குப் பக்கத்திலும் புறங்கையைக் கொண்டுபோய் எதில் சூடு அதிகம் என்று பார்க்கிறேன். தொடாதே, பக்கத்தில் கொண்டுபோனாலே தெரியும். ஒரு சக்கரம் மட்டும் சுட்டால் அங்கே பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நீயும் இதைச் செய். உன் கார் பழைய கார் என்பதால், ஓசூரில் யாராவது நல்ல மெக்கானிக்கிடம் போய் அந்தப் பின்களை ஒருமுறை கழற்றித் துடைத்து கிரீஸ் போடச் சொல். உனக்குக் கேட்டு அவருக்குக் கேட்கவில்லை என்றால், அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து நீ ஓட்டிக் காட்டு. அப்போதும் இல்லை என்று சாதித்தால் வேறு ஆளிடம் போ. உன் காதை நம்பு. அன்றைக்கு நீ சொன்னதுதான் சரி, சத்தம் வந்த சக்கரம் முதற்கொண்டு.

உன்னிடம் கத்தியதற்கும், பாயிடம் காட்டிவிட்டேன் என்று சொன்னதற்கும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது, இதை உங்கம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. போன முறை உன்னைப் பஸ் ஏற்றிவிட வந்தபோது, பஸ் ஸ்டாண்டில் நீ என்னைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ சொன்னாய். பக்கத்தில் இரண்டு பஸ் உறுமிக்கொண்டிருந்தன, நீ வேறு மெதுவாகப் பேசினாய். நான் தலையாட்டினேன். நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, அதையே மறுபடியும் சொன்னாய் போலிருக்கிறது. நான் சிரித்துக்கொண்டே, "உன் இஷ்டம்மா, எனக்குச் சம்மதந்தான்" என்றேன். உன் முகம் அப்படி மலர்ந்ததை நான் ரொம்ப நாளாகப் பார்த்ததில்லை. பஸ் திரும்புகிற வரைக்கும் ஜன்னல் வழியாகக் கையாட்டிக்கொண்டே போனாய். பாப்பா, எதற்குச் சம்மதம் சொன்னேன் என்று எனக்குத் தெரியாது. ஒரு வார்த்தைகூட எனக்குக் கேட்கவில்லை. நீ அதை நம்பி என்னென்ன ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறாயோ. அடுத்த வாரம் ஊருக்கு வா. மறுபடி ஒருமுறை சொல். இந்த முறை கேட்கவில்லை என்றால், கேட்கவில்லை என்று சொல்கிறேன்.

அப்பா